பேச்சுத் துணை

"ஐயோ தம்பி, கையை எடுங்க! நீங்க கதவைப் பிடிச்சு இழுக்கிறதைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வருது!"

பாதி வழியில் நின்றுபோன லிஃப்டின் மூலையில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற அந்த நடுத்தர வயதுப் பெண்மணி அலறினார். அவன் திரும்பிப் பார்த்தான். ஆனால், கதவிடுக்கில் நுழைத்திருந்த விரல்களை எடுக்கவில்லை. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

"லேசா இடைவெளி தெரியுதுக்கா. இன்னும் கொஞ்சம் இழுத்தா வெளியே குதிச்சிடலாம்."

"நீங்க குதிச்சுப் போயிடுவீங்க. நான் தனியா என்ன பண்ணுவேன்? அடைச்ச இடம்னாலே எனக்கு உயிர் போயிடும். என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க தம்பி!"

அவர் உதடுகள் நடுங்கின. கண்களில் நீர் முட்டியது.

அடைத்த இடம் அவனுக்கும் ஆகாது. எத்தனை மாடி என்றாலும் படியேறித்தான் போவான். இன்று பஸ் தாமதமாக வந்து காலை வாரிவிட்டது. ஒன்பதாவது மாடியில் ஓர் அலுவலகத்தில் அவனுக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கும் வேலை அவனுக்கு. 'உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா இல்லையா? இந்த ஆர்டரும் போச்சுன்னா வேற வேலை பார்த்துக்க' என்று காலையில்தான் மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அந்த அவசரத்தில், கடவுளே என்று லிஃப்டில் ஏறியிருந்தான்.

இப்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு பாதியிலேயே அறுந்து அறுந்து வந்தது. ஆனாலும், தன்னைவிட அதிகமாக நடுங்கும் ஒருவரைத் தவிக்கவிட்டுப் போக மனம் வரவில்லை. விரல்களை வெளியே எடுத்தான்.

"அழாதீங்கக்கா. நான் எங்கயும் போகல."

"மூச்சு முட்டுதே தம்பி... அங்க ஏதோ எழுதி ஒட்டியிருக்கே, என்னன்னு படிங்களேன். எனக்கு எழுத்தெல்லாம் ஆடுது."

"லிஃப்ட் நின்றால் பதற வேண்டாம். மணிப் பொத்தானை அழுத்தவும். காற்று வர வழி உள்ளது. கதவை வலிந்து திறக்க..." அவன் குரல் இறங்கியது. "திறக்க வேண்டாம்."

"காத்து வருதுன்னா போட்டிருக்கு? நிஜமாவா?"

அவன் கையை உயர்த்திப் பார்த்தான். "ஆமாக்கா! மேல ஓட்டை ஓட்டையா இருக்கு பாருங்க. சிலுசிலுன்னு வருது."

சொன்ன பிறகுதான் அது அவனுக்கே உறைத்தது. பொத்தானை அழுத்தினான். "ஆள் வந்துட்டே இருக்காங்க சார், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று ஒரு குரல் கரகரத்தது.

"கேட்டீங்களாக்கா? வர்றாங்க."

"அப்படித்தான் சொல்வாங்க. அதுக்குள்ள கயிறு அறுந்துட்டா?"

"ஒரே ஒரு கயித்துலயா இவ்வளவு பெரிய பெட்டியைத் தொங்க விட்டிருப்பாங்க? நாலஞ்சு இருக்கும்க்கா." தனக்குத் தெரியாத விஷயத்தை இத்தனை அடித்துச் சொல்வது அவனுக்கே வியப்பாக இருந்தது. "முதல்ல உட்காருங்க. என் பொண்ணு ஊசின்னா இப்படித்தான் அழுவா. மெழுகுவத்தியை அணைக்காம ஊதுற மாதிரி மெதுவா ஊதுன்னு சொல்வேன். எங்க, என்கூட சேர்ந்து ஊதுங்க."

இருவரும் தரையில் உட்கார்ந்து ஊதினார்கள். அவர் நடுக்கம் குறைந்தது. அவன் மூச்சும் சீரானது.

"நிறுத்தாதீங்க தம்பி. நீங்க பேசினா எனக்குப் பயம் தெரியல. என்ன வேலை பார்க்கறீங்க?"

அவன் பையிலிருந்த கருவியைப் பற்றிச் சொன்னான்.

"எங்க வீட்டுல வாங்க முடியாதுப்பா. தண்ணிக்குப் போய்க் காசைக் கொட்டணுமான்னு மாமியார் ஆடித் தீர்த்துடுவாங்க."

"அப்ப அவங்ககிட்ட இதைப் பத்திப் பேசவே பேசாதீங்க. தினமும் தண்ணியைக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, தூக்கி ஊத்துறது யாரு?"

"அவங்கதான். இடுப்பு வலி இடுப்பு வலின்னு புலம்பிக்கிட்டே."

"அந்த இடுப்பைப் பத்திப் பேசுங்க. கருவியைப் பத்தி அவங்களே கேப்பாங்க."

அவர் கண்ணீருக்கு நடுவே குபுக்கென்று சிரித்துவிட்டார். அவனும் சிரித்தான். அவன் பேச்சைக் கேட்டு ஒருவர் சிரித்து எத்தனை நாளாயிற்று!

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, மெல்ல இறங்கி நின்றது. கதவு திறந்தது. வெளியே மெக்கானிக் நின்றிருந்தார். அப்பாடா! அவன் அந்தப் பெண்மணியைக் கைப்பிடித்து எழுப்பி, முதலில் வெளியே அனுப்பினான்.

"நான் சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு?"

"நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ! எவ்வளவு நல்லா பேசறீங்க தம்பி!"

அவனுக்கு முகம் காது வரை சிவந்தது. சட்டையைச் சரிசெய்துகொண்டு, மீதி மாடிகளைத் தாவித் தாவி ஏறினான். போகும்போதே மேலே பேச வேண்டியதை உதடுகள் ஒத்திகை பார்த்தன.

காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்த மெக்கானிக், பதறிப்போய் அந்தப் பெண்மணியிடம் வந்தார்.

"மேடம், லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களை எப்படிப் பேசிக் காப்பாத்தணும்னு எங்களுக்கே கிளாஸ் எடுக்கிறவங்க நீங்க. நீங்களா இப்படி அழுதீங்க?"

"மெதுவாப்பா, அவர் காதுல விழுந்துடப் போகுது" என்று கண்களைத் துடைத்துக்கொண்டார் அவர். "கதவைப் பிளந்துட்டுக் குதிக்க இருந்தார். பயப்படாதீங்கன்னு சொன்னா கேட்கிற நிலைமையில இல்ல. அதான், பயப்படற வேலையை நான் எடுத்துக்கிட்டேன்."