ஒருவனிடம் மட்டும் சொன்ன ஜோக்

நஸீஹை இயாத் கடைசியாக உயிரோடு பார்த்தது மாடிப்படியில்.

அண்ணன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு இறங்கி வந்தான்.

"புதுசா ஒரு ஜோக் கட்டியிருக்கேன்டா. காலையில ஒரே ஒருத்தன்கிட்ட சொன்னேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சான்."

"எனக்கும் சொல்லேன்."

"படியில வேணாம். அம்மா ரொட்டி கேட்டாங்க, வாங்கிட்டு வந்துடறேன். ஜன்னலைச் சாத்திட்டு சொல்றேன்."

ரொட்டிக் கடை வாசலிலேயே உளவுத்துறைக் கார் அவனை அள்ளிக்கொண்டு போனது.

சில நாள் கழித்து இயாத்தையும் உளவுத்துறைக் கிளைக்கு இழுத்துப் போனார்கள்.

"உன் அண்ணன் சொன்ன ஜோக்கை நீயும் கேட்டியா?"

"இல்லைங்க ஐயா. என்ன ஜோக்?"

கன்னத்தில் அறை விழுந்தது. "அதை நான் சொன்னா என்னையும் உள்ள வைப்பாங்க."

பல வருஷங்களுக்குப் பிறகு, அதிபரையே கடவுளாக்கி வைத்திருந்த அந்த ஆட்சி கவிழ்ந்தது. டமாஸ்கஸ் சிறைக் கதவுகளை உடைத்தார்கள். வெளியே வந்தவர்களில் நஸீஹ் இல்லை.

மறுநாள் தெருவே ஷஹாதாவின் சிகரெட் கடையைச் சூழ்ந்துகொண்டது. உளவுத்துறைக் கார் எப்போதும் அவன் கடையோரம்தான் நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அவன்தான் டீ கொண்டு போய்க் கொடுப்பான். வேறு யார் காட்டிக்கொடுத்திருக்க முடியும்? இத்தனை வருஷமாக இயாத்தும் அவன் கடைப் பக்கம் திரும்பியதில்லை.

துணிக்கடை அபூ ரஸ்லான்தான் ஷஹாதாவின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். நஸீஹின் உயிர் நண்பர். பெருநாள் தவறாமல் அவன் அம்மாவுக்குக் கறி அனுப்பியவர்.

"போனது உன் ரத்தம், இயாத். நீ தலையை மட்டும் ஆட்டு. மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்."

ஒருவன் பெட்ரோல் டப்பாவோடு தயாராக நின்றான்.

"டீ கேட்டா இல்லேன்னு சொல்ல உங்கள்ல எவனுக்குத் தைரியம் இருந்தது?" என்றான் ஷஹாதா. "இயாத், உன் அண்ணன் என்கிட்ட பேசினதே இல்லைப்பா. தீப்பெட்டிகூட அடுத்த தெருவுலதான் வாங்குவான்."

"பேசாதவனையே பிடிச்சுக் கொடுத்தவனாச்சே நீ. பேசியிருந்தா குடும்பத்தையே கொடுத்திருப்பே," என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

சட்டையை விடாமலே அபூ ரஸ்லான் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"நஸீஹ் யாரைக் கொன்னான்? ஒரு ஜோக் சொன்னான். கேளுங்க. ஒருத்தனைப் புதைக்கிறாங்க. ரெண்டு வானவர்கள் குழிக்குள்ள வந்து, 'உன் இறைவன் யாரு?'ன்னு விசாரிக்கிறாங்க. செத்தவன் சொல்றான்: 'உளவுத்துறைக் கிளையிலயும் இதையேதான் கேட்டாங்க. அங்க சொன்ன பதில் வேணுமா, நிஜமான பதில் வேணுமா?'"

தெரு முழுக்கச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இயாத்துக்கும் சிரிப்புதான் முதலில் வந்தது. அது அச்சு அசல் அண்ணன் பேச்சு.

"இதை யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"அவனேதான். அன்னிக்குக் காலையில என் கடையில உட்கார்ந்து சொன்னான்."

"நீங்க வேற யார்கிட்டயாவது..."

"சேச்சே. சிநேகிதன் நம்பிச் சொன்னது. என் பெண்டாட்டிகிட்டகூட வாயைத் திறந்ததில்லை. இன்னிக்குத்தான் முதல் தடவையா சொல்றேன்."

இயாத் கிட்டே போனான். ஷஹாதாவின் சட்டையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

"அண்ணன் அதை ஒரே ஒருத்தன்கிட்டதான் சொன்னான், அபூ ரஸ்லான். ஜோக்கைச் சொல்லலை, ஆனா அதை மட்டும் படியில வச்சு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்."

அபூ ரஸ்லான் ஓரடி பின்வாங்கினார்.

"நீ அனுப்பின கறியைச் சாப்பிட்டுட்டு, சாகிற வரைக்கும் உனக்காக துஆ செஞ்சாங்க என் அம்மா."

பெட்ரோல் டப்பாவோடு நின்றவன் அதைக் கீழே வைத்தான். யாரும் ஷஹாதாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நஸீஹுக்குக் கல்லறை கிடையாது. அவனுடையது என்று மிச்சமிருப்பது அந்த ஜோக் ஒன்றுதான்.