சிடாம் கிரியிலிருந்து வந்த பிழைகள்

“இந்தக் கிராணிய இத்தோட நிறுத்திடப் போறேன்,” என்றான் ஜெரார்ட், தபாலில் வந்த ஃப்ளாப்பியைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவியபடி.

1988. அந்த ஃப்ளாப்பியில் இருந்தது, யுனிக்ஸ் போலவே ஓடும் ஒரு சின்ன இயங்குதளத்துக்கான திருத்தம். அந்த இயங்குதளத்தின் மூல நிரல் ஒளிவுமறைவில்லாமல் எல்லோருக்கும் கிடைத்தது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். மலேசியாவில் முப்பது பேர் திருத்தி அனுப்புவதைச் சரிபார்த்துச் சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் புதுப் பிரதி அனுப்புவது பாடாங் செராயில் இருந்த ஜெரார்டின் வேலை. சம்பளமில்லாத வேலை.

சிடாம் கிரி ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருக்கும் தர்மலிங்கம் அனுப்புவதில்தான் எப்போதும் ஒரு பிழை. ஒருமுறை, திறந்த ஃபைலை மூடாமல் விட்டிருப்பார். இன்னொருமுறை, பத்துத் தடவை சுற்ற வேண்டியது பதினொரு தடவை சுற்றும். சுட்டிக்காட்டிய பிழை மறுபடி வராது; புதிதாக ஒன்று வரும். ஒவ்வொன்றுக்கும் ஜெரார்ட் உட்கார்ந்து இரண்டு பக்கம் விளக்கி எழுதுவான்.

“கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கே நீங்க இவ்ளோ எழுதினதில்ல லா,” என்பாள் அவன் மனைவி ரோசம்மா.

ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் தர்மலிங்கத்தின் தலையில் இதெல்லாம் ஏறாது என்று முடிவு கட்டினான். இனி அனுப்ப வேண்டாம் என்பதை நேரில் சொல்வதுதான் மரியாதை என்று ஞாயிறு பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினான்.

கிராணி வீடு தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை விட்டுத் தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒற்றையாய் இருந்தது. கதவைத் திறந்த தர்மலிங்கம், பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். அவசரமாக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காப்பி கலக்கப் போனார்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெரார்ட் எட்டிப் பார்த்தான். கடைசியாக வந்த ஃப்ளாப்பியில் இருந்த அதே நிரல். பிழை இருந்த வரி மட்டும் இங்கே சரியாக இருந்தது. அந்த ஃபைலின் தேதியைப் பார்த்தான். தபாலில் போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே எழுதி முடித்தது.

“சரியா எழுதி வச்சிக்கிட்டு, எனக்குத் தப்பா மாத்தி அனுப்பியிருக்கீங்களே, அண்ணே. விளையாட்டா?”

தர்மலிங்கம் மறுக்கவில்லை. காப்பியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“நான் லயத்துப் பக்கம் போனா பேச்சு நின்னுரும், தம்பி. எல்லாரும் எழுந்து நிப்பாங்க. தோட்டத்து துரை வந்தா நான் எழுந்து நிக்கணும். வீட்டுக்காரி போனப்புறம் உக்காந்து பேச ஆளில்ல.”

“அதுக்கு எதுக்குண்ணே தப்புப் பண்ணணும்?”

அவர் சிரிக்க முயன்றார்.

“முதல் நாலு தடவ சரியாத்தான் அனுப்பினேன், தம்பி. எல்லாத்தையும் சேத்துக்கிட்டீங்க. ஒரு வரி பதில் போடல.”