பூமிகாவின் சிறுநீரகம்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை பார்க்கும் பரத்துக்கு, முதல் மனைவி பூமிகா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்திருந்தாள். பிறகு எளாவூர் அருகே லாரி மோதி இறந்துபோனாள். இரண்டாவதாக வந்த நர்மதாவுக்கு அந்தச் சிறுநீரகத்தின் மேல்தான் வயிற்றெரிச்சல். செத்தவள் புருஷனுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறாளே!

ஒருநாள் அதில் கோளாறு வந்தது. பயாப்ஸி பார்த்த டாக்டரம்மா, "எதிர்ப்புப் புரதம் நிறையப் படிஞ்சிருக்கு. இப்படிப் படிஞ்சா ரொம்ப நாள் தாங்காது," என்றார்.

நர்மதாவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. "அத்த எடுத்துக் கடாசிட்டு என்னுத வையிங்க டாக்டர்," என்றாள். அப்படியே செய்தார்கள். பரத் தேறினான்.

மறுவருஷம் நர்மதாவுக்குக் கால் வீங்கியது. ஸ்கேன் எடுத்தால், அறுத்துக் கொடுத்த இடத்திலேயே ஒரு சிறுநீரகம் இருந்தது. அதிலும் பயாப்ஸி செய்தார்கள். டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அதே படிவுதாம்மா. இது பூமிகாவோடது."

ரயிலில் திரும்பும்போது பரத் நர்மதாவின் இடுப்பில் மெல்ல உள்ளங்கையை வைத்தான்.

"நோவுதா கண்ணு?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் நர்மதாவைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை.