தோழி பேசுகிறேன்

“உங்கட அம்மா இண்டைக்கும் ரெண்டைத்தான் அமத்தியிருக்கா” என்றான் கூட வேலை செய்யும் விஜிதரன், கணினித் திரையைப் பார்த்தபடி.

ஒன்றை அழுத்தினால் சோதனைக்குப் போய்விட்டேன் என்று பொருள். இரண்டு என்றால் இன்னும் போகவில்லை.

கம்சாயினி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். “லைனைத் தாங்க. நான் கதைக்கிறன்.”

“நேற்றும் கதைச்சீங்க, முந்தநாளும் கதைச்சீங்க. தோழி கிழமைக்கு ஒருக்காத்தான் கோல் எடுக்க வேணும் அக்கா.”

“தெரியும். தாங்க.”

‘தோழி’ என்பது மட்டக்களப்பில் நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய தொலைபேசி இயந்திரம். டொக்டர் சோதனைக்கு எழுதிக் கொடுத்தும் போகாமல் வீட்டில் இருந்துவிடும் பெண்களை அது கூப்பிட்டுப் பேசும். பட்டன் போன் போதும். போய்விட்டேன் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அதோடு சரி, தோழி மறுபடி அவளைக் கூப்பிடாது.

கொழும்பில் அதற்குப் பரிசுகூடக் கிடைத்தது. ஒரே குறை, தோழிக்குச் செய்தி வாசிப்பவர்களின் தமிழ் மட்டுமே தெரியும். ஊர்ப் பெண்கள் முடியாது என்பதை “ஏலா” என்றால், “மன்னிக்கவும், மீண்டும் சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே, அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பதிலைத் தட்டச்சு செய்ய ஆள் வைத்தார்கள். அந்தப் பதிலைத் தோழியின் குரல் வாசிக்கும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த இலுப்பைப்பூ வேலைதான் கம்சாயினிக்கு.

ஒருநாள் அவளுக்கு வந்த பெயர்களில் தேற்றாத்தீவு கண்ணகையின் பெயரும் இருந்தது. மார்பில் கட்டி. ஊசி குத்திப் பார்க்க வேண்டும். தன் அம்மாவுக்கு இப்படியொரு நோய் என்பதையே அவள் அப்படித்தான் அறிந்தாள்.

அம்மா குவைத்தில் அடுப்படியில் வெந்து உழைத்த காசில் மகளுக்கென்று வீடு கட்டியவள். சீதன வீடு. மகளோ சொல்லாமல் கொள்ளாமல் உதயரூபனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு தன்னாமுனைக்குப் போய்விட்டாள். பிள்ளை பிறந்ததும் தூக்கிக்கொண்டு போனபோது அம்மா கதவைத் திறக்கவில்லை. போன் எடுத்தாலும் மகளின் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள்.

தோழியின் குரலுக்கு மட்டும் அவள் வைக்கவில்லை.

“என்ன தோழி, திரும்பவும் எடுத்துட்டியா?” என்றாள் அம்மா.

கம்சாயினி தட்டினாள். தோழி வாசித்தது. “வணக்கம் அம்மா. நீங்கள் ஏன் இன்னும் சோதனைக்குப் போகவில்லை?”

“இண்டைக்குக் கால் உளைவு.”

“நேற்று பஸ் இல்லை என்றீர்கள்.”

“நேற்று பஸ் இல்ல. இண்டைக்குக் கால் உளைவு. நாளைக்கு என்ன வருமோ, ஆருக்குத் தெரியும்?”

விஜிதரன் சிரித்தான். கம்சாயினிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து இதே மாதிரிச் சாட்டுகளைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. ஒருத்திக்கு மாடு கன்று போட்டிருக்கிறது, இன்னொருத்திக்குக் கோயில் சடங்கு. அவர்களோடு அவளால் பொறுமையாகப் பேச முடிந்தது. அம்மாவோடு முடியவில்லை.

“கட்டி பெரிதாகியிருக்கிறதா?”

“அது கிடக்கட்டும். நீ ஏன் இண்டைக்கு மெதுவாக் கதைக்கிறாய்? வேலை கூடவா?”

“நான் ஓர் இயந்திரம். எனக்குக் களைப்பு இல்லை.”

“சாப்பிட்டியா?”

“இயந்திரங்கள் சாப்பிடுவதில்லை அம்மா.”

“பாவம்” என்றாள் அம்மா.

விஜிதரன் கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான். “அக்கா, கோவிக்காதீங்க. இவ்வளவு நாளாப் போகாதவங்கட பேரை இண்டையோட வெட்டச் சொல்லியிருக்கு. மற்றவங்களுக்கும் லைன் வேணுமே. இதுதான் உங்கட அம்மாக்குக் கடைசிக் கோல்.”

கம்சாயினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. இத்தனை நாளும் செய்தி வாசிக்கிற தமிழில் அம்மாவைக் கெஞ்சியாகிவிட்டது. இனி எந்தத் தமிழில் கெஞ்சுவது? ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாயில் வந்ததை அப்படியே தட்டினாள்.

தோழி அதை எழுத்துக்கூட்டுவதுபோல் தடுமாறித் தடுமாறி வாசித்தது. “இனி நான் கோல் எடுக்க மாட்டன். இதுதான் கடைசி. உங்களுக்கு ஊசி எண்டாப் பயம். எண்டாலும் போங்கம்மா. நீங்க இல்லாட்டி எனக்கு ஆர் இருக்கா?”

அம்மா வைத்துவிட்டாள் என்றே கம்சாயினி நினைத்தாள். ஹெட்போனைக் கழற்றக் கை வைத்தபோது, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“கடைசிக் கோல் எண்டா இனி ஒளிச்சு என்னத்துக்கு?” என்றாள் அம்மா. “நான் போன மாசமே போய்ச் சோதிச்சிட்டன் கம்சா, ஒண்டும் இல்லையாம், போயிட்டன் எண்டு சொன்னா நீ கதைக்கிறது நிண்டுடும் எண்டுதான் இவ்வளவு நாளும் சொல்லல்ல.”