மாப்ள நடந்து போறார்

“என்னண்ணே, தலைப்பொங்கலுக்கு வந்த மாப்ள கோவிச்சுக்கிட்டு நடந்தே கிளம்பிட்டாராமே?”

வாசலில் வண்டியை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போனார் பால்பாண்டி. நல்லகாமன் காபி டம்ளரைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். விடிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை மாமனார் ஊரில் தனியாக நடந்து போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாமனார் வீட்டில் மரியாதை குறைந்துவிட்டது.

வண்டியை உதைத்துக் கிளம்பினார். தெருமுனை டீக்கடைக்கே வண்டியில் போகிற மனிதர் அவர். கால்வாய்க் கரையில் மாப்பிள்ளை அருள்பாண்டி கையை வீசி வீசி நடந்துகொண்டிருந்தார். அதற்குள் மூன்று பேர் வண்டியை நிறுத்தி, கோவத்தை விடுங்க மாப்ள, ஏறுங்க என்று சமாதானம் பேசிவிட்டுப் போயிருந்தார்கள்.

“கறி பத்தலையா மாப்ள, இல்ல யாரும் எதுவும் சொல்லிட்டாகளா?”

அருள்பாண்டி சிரித்துக்கொண்டே மணிக்கட்டைக் காட்டினார். கறுப்பாக ஒரு வாட்ச். எத்தனை அடி நடந்தோம் என்று அதுவே எண்ணிச் சொல்லுமாம். ஒரு நாளைக்குப் பத்தாயிரம். லீவில் வந்த இடத்திலும் விடக்கூடாதாம். நல்ல கூத்துதான் என்று நினைத்துக்கொண்டார் நல்லகாமன். சும்மா கிடக்கிற காலுக்கு யாராவது கணக்கு வைப்பார்களா?

வீட்டுக்கு வந்ததும் மகள் அஸ்வினி அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போய் விசயத்தை உடைத்தாள்.

“ரத்தம் டெஸ்ட் பண்ணதுல ரிசல்ட்டு சரியில்லப்பா. சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஏறிக் கெடக்கு. தெனம் நடக்காட்டி ஹார்ட்டுக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

கல்யாணமாகி ஐந்து மாதம்தான். மாப்பிள்ளைக்கு முப்பத்தொரு வயது. இந்த வயதில் இதென்ன கொடுமை என்று வாய்விட்டே புலம்பினார் நல்லகாமன். அஸ்வினி தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம், நீங்களும் கூடப் போனா ஊரு வாய் மூடிரும்ல என்றாள்.

அது நியாயமாகப் பட்டது. மனைவி சின்னத்தாயிடம் அவர் மூச்சுவிடவில்லை. சொன்னால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள்.

மறுநாளிலிருந்து வண்டி கொட்டகையில் நின்றது. மாமனாரும் மருமகனும் கால்வாய்க் கரையில் நடந்தார்கள். முதல் நாள் மதகு வரை போவதற்குள் நல்லகாமனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளலாமா? கொஞ்சம் உக்காந்து எளப்பாறுங்க மாப்ள என்று சொல்லி மதகுச் சுவரில் தானும் உட்கார்ந்துகொண்டார். பாவம், உள்ளே இருக்கிற நோவு வெளியே தெரியவா போகிறது என்று மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் பொங்கலுக்கு உருக்கிய நெய் வாசம் மூக்கைத் துளைத்தது. மாப்பிள்ளைக்கு ஆகாததை அவர் எதிரில் உட்கார்ந்து தான் மட்டும் தின்ன மனசு வரவில்லை. இலையில் சர்க்கரைப் பொங்கல் விழுந்தால் கையை நீட்டி மறித்தார். உனக்கு என்னய்யா வந்துச்சு என்று சின்னத்தாய் வைதாள்.

மாட்டுப்பொங்கலன்று வம்பு வந்தது. மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அருள்பாண்டி பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை.

“இன்னைக்கு விட்டுருவமா மாமா? ஆறாயிரம் வந்துருச்சு. போதும்.”

நல்லகாமனுக்கு வந்ததே கோபம். ஆனால் மாப்பிள்ளையைக் கோபிக்க முடியுமா? பாய் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எம்மக தாலி ஒங்க கால்லதான் இருக்கு மாப்ள. எந்திரிங்க.”

அருள்பாண்டி ஒரு கணம் அவரையே பார்த்தார். எழுந்து செருப்பை மாட்டினார். அன்றைக்குப் பதினோராயிரம் நடந்தார்கள்.

ஏழாம் நாள் மதகில் உட்காரவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நல்லகாமன்தான் முன்னால் போனார். போகிற வழியெல்லாம் வாடிவாசலில் அந்தக் காலத்தில் தான் மாடு பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டு போனார், மூச்சே வாங்கவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு முள் கிடந்தது. நாளைக்கு இவர்கள் கோயம்புத்தூர் போய்விட்டால் மாப்பிள்ளையை யார் விரட்டி நடக்க வைப்பார்கள்?

மதுரையில் அவருக்குத் தெரிந்த பெரிய டாக்டர் ஒருவர் இருந்தார். ரிப்போர்ட்டைக் கொடுங்க மாப்ள, அவருகிட்ட காட்டிருவோம் என்று இரண்டு தடவை கேட்டார். பையில இருக்கு மாமா, பாக்கலாம் என்று இரண்டு தடவையும் அருள்பாண்டி நழுவிவிட்டார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை இன்னும் எழுந்திருக்கவில்லை. சாமான் கட்டி வைத்த பை கூடத்தில் இருந்தது. மாப்பிள்ளை பையைத் தொடுவது முறையில்லைதான். உயிரைவிடவா முறை பெரிது என்று திறந்தார். செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் பிரித்தார். வரிசையாக எண்கள், பாதிக்கு மேல் சிவப்பு வட்டம்.

அந்த நேரம் அருள்பாண்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

“கெளம்புற நாளு மாமா. இன்னைக்கு மட்டும் விட்டுருவமே. காலு ரெண்டும் கெஞ்சுது.”

நல்லகாமன் நிமிரவில்லை. காகிதத்தின் தலைப்பில் பெயர் இருந்த இடத்தைத் திரும்பவும் ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்தார். நல்லகாமன், வயது 58. கார்த்திகையில் மகளைப் பார்க்கப் போனபோது, சும்மா ஒரு செக்கப்புதான்ப்பா என்று அவள் கூட்டிப் போய் அவரிடம் எடுக்க வைத்த ரத்தம்.

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து, “அந்த வாட்ச்சைக் கழட்டிக் குடுத்துட்டு நீங்க படுங்க மாப்ள,” என்றார், “நான் நடந்துட்டு வாரேன்.”