வாத்து விவகாரம்

மேசையின் தலைப்பக்கம் மேலாளர். வலப்புறம் கணக்காளர், இடப்புறம் டைப்பிஸ்ட் அம்மா. எதிரே, விசாரணைக்கு வந்த மூத்த விற்பனையாளர்.

“சட்டைக் கையை மடிச்சுக் காட்டுங்க.”

காட்டினார். முன்கையில் தொப்பி போட்ட வாத்து ஒன்று பச்சை குத்தப்பட்டிருந்தது.

“இதோட கடைகடையா ஏறி இறங்கினா கம்பெனி மானம் என்னாகும்? அழிச்சாதான் வேலை” என்றார் மேலாளர்.

“இது தோலு சார். சுவரா இருந்தா நானே வெள்ளையடிச்சிடுவேன்.”

“இந்த வயசுல எதுக்குய்யா இந்த வேண்டாத வேலை?” என்றார் கணக்காளர்.

“குத்தினப்ப நீங்கதானே பக்கத்துல நின்னு கைதட்டினீங்க?”

கணக்காளர் மின்விசிறியைப் பார்த்தார்.

“விசுவாசம்னா இதுதான்னு எல்லாருந்தான் கைதட்டினோம்” என்றார் டைப்பிஸ்ட் அம்மா. “முப்பது வருஷமா நம்ம சோப்பு உறையில இருந்ததும் இதே வாத்துதானே. போன மாசம் அன்னமா மாத்தினது தலைமை அலுவலகம். அதுக்கு இவர் என்ன செய்வார்?”

மேலாளர் தாடையைச் சொறிந்தார். “பழைய சின்னம் எங்கேயும் இருக்கக் கூடாதுன்னு உத்தரவும்மா.”

“கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக் குத்தினா அன்னமாயிடும் சார்” என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

விற்பனையாளர் யோசித்தார். “வலிக்கும். பரவாயில்ல. ஆனா எனக்கு ஒரு உத்தரவாதம் வேணும்.”

மேலாளர் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அம்மா தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் அடித்தார்: “கழுத்தை நீட்ட ஊழியர் சம்மதிக்கிறார். அவர் ஓய்வு பெறும்வரை கம்பெனி வேறு பறவைக்கு மாறாது என்று எழுத்தில் தரவும்.”

உறையை ஒட்டி, அன்றைய தபாலிலேயே அனுப்பினார்கள்.