பயனரின் உரிமை

"பூட்டி வெச்சதெல்லாம் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டமாடா?" என்று என் கணவர் மேசையைத் தட்டினார். தேநீர்க் கோப்பைகள் குதித்தன.

எதிரே அவருடைய நண்பர். அலுவலகத்தில் அடுத்தடுத்த இருக்கை. எல்லாருக்கும் அவர் தாடி. தாடியை மழித்துவிட்டு ஒரு வருடம் திரிந்தார், அப்போதும் தாடிதான்.

சனிக்கிழமை மாலையானால் இரண்டு பேரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து உலகத்தில் உள்ள சிஸ்டங்களையெல்லாம் கூறு போடுவார்கள். நான் தேநீர் போடுவேன்.

இன்று எனக்கு ஏழு மணிக்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

மதியம் என் பழைய மேடம் கூப்பிட்டிருந்தார். கல்யாணத்துக்கு முன் அவரிடம்தான் வேலை பார்த்தேன். பிழைச் செய்திகள் எழுதுகிற வேலை. ஏதாவது கோளாறானால் திரையில் இரண்டு வரி வருமே, அதற்கும் ஒருத்தி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாள். அந்த இடம் காலியாம். திங்கட்கிழமையே சேர வேண்டுமாம்.

உடனே "வர்றேன் மேடம்" என்று சொல்லியிருக்கலாம். பழக்கதோஷம், "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

"ஏழு மணிக்குள்ள கூப்பிடும்மா. இல்லன்னா வேற பொண்ணுக்குச் சொல்லிடுவேன்."

வீட்டில் கணவரிடம் கேட்டேன். "அப்புறம் பாக்கலாம்மா" என்றார். கோபமே இல்லை. அவர் கோபப்படுகிற ஆள் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டம்.

தாடியின் கட்சி நேர் எதிர். "மச்சான், எல்லாத்தையும் திறந்து விட்டா ஜனங்க கண்டதையும் தொட்டுக் கெடுத்துக்குவாங்க. கம்பெனி பூட்டி வைக்குதுன்னா அது அவங்க நல்லதுக்குத்தான்."

"என் நல்லதை முடிவு பண்ண அவன் யாரு? என் மெஷின். உள்ள என்ன ஓடுதுன்னு நான் பாக்கணும். பிடிக்கலன்னா நிறுத்தணும். என்னைக் கேக்காம அவன் எதுக்கு அப்டேட் போடுறான்?"

அழகாகப் பேசுவார். மேடைகளில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். அந்தக் கூட்டம் ஒன்றில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டுத்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன்.

என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்: ஒரு சிஸ்டத்தின் தரம் அது 'முடியாது' என்று சொல்கிற விதத்தில் இருக்கிறது. நல்ல சிஸ்டம் ஏன் முடியாது என்று சொல்லும், வேறு என்ன செய்யலாம் என்றும் சொல்லும். மட்டமான சிஸ்டம் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். எல்லாவற்றிலும் மோசம் 'பிறகு முயற்சிக்கவும்'. அந்த வரியை நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், பாவம் யார் யார் நம்பிக் காத்திருந்தார்களோ.

ஒரு கட்டத்தில் பேச்சு தொய்ந்தது. தாடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் இப்போது போய்விடக் கூடாது. எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

"ஏண்ணா, பூட்டி வெச்சா பத்திரம்னு சொல்றீங்களே, ரெண்டு வருஷத்துல பழைய மாடலைக் கைவிட்டுடுறாங்களே, அது எந்தப் பத்திரம்?" என்று கொளுத்திப் போட்டேன்.

கணவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். "கேளு, நல்லாக் கேளு" என்றார். மறுபடி பற்றிக்கொண்டது. இன்னும் ஒரு சுற்றுத் தேநீர். சுவர்க்கடிகாரம் ஏழை நெருங்கியது.

கடைசியில் தாடி கையெடுத்துக் கும்பிட்டார். "நீயே ஜெயிச்சுட்ட மச்சான், ஆளை விடு. வீட்ல தேடுவாங்க."

எழுந்து வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டார். அடுத்ததைக் காலால் துழாவினார்.

நான் அலமாரி மேலிருந்து என் போனை எடுத்துக்கொண்டு போய்க் கணவர் முன்னால் நீட்டினேன்.

"என்னங்க, கொஞ்சம் கட்டைவிரலை வைங்க. மேடமுக்கு போன் பண்ணணும்."

தாடிக்குப் புரியவில்லை. "உங்க போன் இல்லையா தங்கச்சி?"

"என் போன்தாண்ணா. போன வருஷம் ஒரு போலி லிங்கைத் தொட்டுட்டேன். அன்னைலேருந்து இவர் விரலுக்கு மட்டும்தான் திறக்கும். பேசுறப்ப இவர் பக்கத்துல இருப்பாரு."

என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

கணவர் சிரித்தார். "அவ நல்லதுக்குத்தான்டா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

தாடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் விரலை வைத்தார். திறந்தது.

மேடமின் எண்ணைப் போட்டேன், அந்தப் பக்கம் மணி அடித்தது. மேடம் எடுத்தார். வழக்கம் போல ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், திங்கட்கிழமை வந்துடுறேன்."

"சந்தோஷம்மா. ஒன்பது மணிக்கு வந்துடு."

அதுவரை தாடி நகரவில்லை. பிறகு இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார்.

கணவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக இருந்தது.